இடுப்புக்குக் கீழே ஒரு பதக்கம்

பிப்ரவரி 12, திங்கள்

சர்க்கரை டாக்டர் இந்த டைரியைக் கொடுத்தார். அன்றன்று சாப்பிட்டதை ஒளிக்காமல் எழுத வேண்டுமாம். நான் அஞ்சாவது வரைக்கும் படித்தவள். எழுதுவேன்.

காலை: இரண்டு இட்லி. மதியம்: கோதுமைக் கஞ்சி. இரவு: ஒரு தோசை.

ஒரு நாளுக்கு ஒரு பக்கம் விட்டிருக்கிறார்கள். இரண்டு இட்லி அதில் ஒரு மூலைக்குத்தான் காணும். காகிதத்தை வீணாக்குவது எனக்குப் பிடிக்காது. மீதி இடத்தில் வேறு ஏதாவது எழுதுகிறேன்.

பிப்ரவரி 18, ஞாயிறு

இட்லி இரண்டு. பூரி கணக்கில் வராது, அது சென்னையில் மகள் குமுதா வாங்கிக் கொடுத்தது.

குமுதா எங்களை ஒரு பெரிய கடைக்கு அழைத்துப் போனாள். அரண்மனை மாதிரி இருந்தது. வாசலில் கதவே இல்லாமல் ஒரு இரும்பு நிலைப்படி. நான் நுழைந்தேன், சும்மா இருந்தது. என் வீட்டுக்காரர் ஏகாம்பரம் நுழைந்தார், கீச்சென்று கத்தியது. காவலுக்கு நின்ற ஆள் பையில் உள்ளதை எடுக்கச் சொன்னார். மூக்குக்கண்ணாடி, பொடி டப்பா, வீட்டுச் சாவி எல்லாம் தட்டில் வைத்தார். மறுபடியும் கத்தியது. அப்புறம் அந்தக் காவலாளி கரண்டி மாதிரி ஒரு கருவியை எடுத்து உடம்பு முழுக்கத் தடவினார். நெஞ்சில் சத்தம் இல்லை. வயிற்றில் இல்லை. பின்பக்கம், இடுப்புக்குக் கீழே, இடது புறம் போனதும் பூனை வாலை மிதித்த மாதிரி ஒரு சத்தம்.

"பெரியவரே, பின்னால இன்னா வெச்சிருக்கீங்க?"

"ஒண்ணும் இல்லப்பா. வேட்டிக்கு ஏது பின்பாக்கெட்டு?"

"கத்துதே."

"உன் மிஷினு ரிப்பேரு."

இன்னொரு காவலாளி வந்து தடவினார். அவர் மிஷினும் ரிப்பேர்தான் போலிருக்கிறது. பின்னால் ஒரு வரிசையே நின்றுவிட்டது. நான் சிரித்த சிரிப்பில் குமுதா என்னைப் பிடித்துக் கொண்டுபோய் ஒரு தொட்டி ஓரத்தில் உட்கார வைத்தாள்.

ஊருக்கு வரும்போது பஸ்ஸில்தான் யோசித்தேன். அந்த இடத்தில் இவருக்கு ஒரு பழைய தழும்பு உண்டு, பட்டாள வண்டியிலிருந்து விழுந்தது என்பார். வண்டியிலிருந்து விழுந்த ஆளுக்கு உள்ளே இரும்பு எப்படிப் போகும்?

பிப்ரவரி 19, திங்கள்

கஞ்சி.

டாக்டருக்கு இது தேவையில்லை, ஆனாலும் எழுதி வைக்கிறேன். எங்கள் ஊர் பட்டாளத்து ஊர். வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் இருந்திருப்பார். எழுபத்தொன்றாம் வருஷத்துச் சண்டைக்கு இவரும் போனார். அப்போது எங்களுக்குக் கல்யாணம் ஆகவில்லை. கல்யாணமான புதிதில் அந்தத் தழும்பைப் பார்த்து இது என்ன என்று கேட்டேன். "வண்டியிலேர்ந்து விழுந்தேன், கல்லு குத்திச்சு" என்றார். சண்டைக்குப் போனவர் வண்டியிலிருந்து விழுந்துவிட்டு வந்தார் என்று ஊருக்கே தெரியும். பேரே "வண்டியில விழுந்தவரு" என்றாகிவிட்டது. அந்தப் பேரை வைத்தது மேலத் தெரு நவநீதம். என் நாத்தனார் வளைகாப்பில், பந்தி நடுவில் நின்றுகொண்டு, "வண்டியில விழுந்தவரு பொண்டாட்டிக்கு யாராச்சும் பாயசம் ஊத்துங்கடி" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். ஊற்றிய பாயசத்தில் ஒரு முந்திரி கூட இல்லை. அன்றைக்கு அவள் கட்டியிருந்தது மாம்பழக் கலர் புடவை, பச்சைக் கரை. அன்றிலிருந்து நான் அவளோடு பேசுவதில்லை.

வருஷா வருஷம் டிசம்பர் பதினாறாம் தேதி, அந்தச் சண்டையில் ஜெயித்த நாள் என்று ஊரில் ஊர்வலம் உண்டு. பள்ளிக்கூடத்திலிருந்து வீரர் கல் வரைக்கும் மேளத்தோடு போவார்கள். எதிரியிடம் அடிபட்டுக் காயப் பதக்கம் வாங்கினவர்கள் மட்டும்தான் முன்வரிசை. அவர்கள் மனைவிகள்தான் ஆரத்தித் தட்டு எடுக்கலாம். மற்ற பெண்கள் பந்தலில் மோர் ஊற்ற வேண்டும். நவநீதத்தின் வீட்டுக்காரர் தணிகாசலத்துக்குத் தொடையில் குண்டு பட்டுப் பதக்கம் கிடைத்தது. அதனால் அவள் தட்டு எடுக்கிறாள். நான் மோர் ஊற்றுகிறேன். கல்யாணம் ஆனதிலிருந்து ஊற்றுகிறேன்.

மார்ச் 6, புதன்

மூட்டுவலிக்கு என்று பொய் சொல்லி இவரை எலும்பு டாக்டரிடம் அழைத்துப் போனேன். போட்டோ எடுக்கச் சொல்லும்போது டாக்டரிடம் தனியாக இடத்தைச் சொன்னேன்.

டாக்டர் அந்தக் கறுப்புத் தாளை வெளிச்சத்தில் பிடித்தார். வெள்ளையாக ஒரு துண்டு, புளியங்கொட்டை அளவு, ஓரமெல்லாம் பல்லாகத் தெரிந்தது.

"ஐயா பட்டாளத்துல இருந்தீங்களா?"

இவர் சுவரைப் பார்த்தார்.

"இது குண்டுச் சிதறல். கல்லு இல்ல. இத்தனை வருஷமா இதுமேலயா உக்காந்துட்டு இருந்தீங்க?"

"சாஞ்சு உக்காருவேன் டாக்டர்" என்றார்.

உண்மைதான். கல்யாணப் பந்தலில் உட்கார்ந்த நாளிலிருந்து இந்த மனிதர் வலது பக்கம் சாய்ந்துதான் உட்காருகிறார். நான் அதைத் திமிர் என்று நினைத்திருந்தேன்.

ஆட்டோவில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. குண்டு. என் வீட்டுக்காரருக்குக் குண்டு பட்டிருக்கிறது. ஒரு பெண்ணுக்கு இதைவிட நல்ல சேதி என்ன வேண்டும்? பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஒரு ஜாங்கிரி

ஒன்றும் சாப்பிடவில்லை.

மார்ச் 9, சனி

மனு போடலாம் என்றேன். பட்டாள ஆபீசில் காயத்தைத் திருத்தி எழுதினால் பதக்கம் தருவார்கள். இவர் "விட்ரும்மே" என்றார். ஏன் என்றேன். "விட்ருன்னா விட்ரு."

மார்ச் 10, ஞாயிறு

எனக்கு என்ன பத்தியமோ அதுதான் இனி அவருக்கும். மூன்று வேளையும் கோதுமைக் கஞ்சி. புருஷனும் பெண்சாதியும் ஒன்றாகச் சாப்பிட்டால் நல்லதுதானே.

மார்ச் 14, வியாழன்

கையெழுத்துப் போட்டுவிட்டார். நாட்டுக்கோழிக் குழம்பு வைத்தேன். கோழிக்காலைக் கடித்துக்கொண்டே, "பட்டாளத்துக்குப் போன மனுவு எந்தக் காலத்துல திரும்பி வந்துது, போட்டுக்கோ" என்றார். மனுவை முன்னாள் படைவீரர் ஆபீசில் ஒரு அம்மா இங்கிலீஷில் அடித்துக் கொடுத்தாள். எக்ஸ்ரேயும் சேர்த்து அனுப்பியாயிற்று.

நான் கஞ்சிதான் குடித்தேன். குழம்பு உப்புப் பார்க்க மட்டும்.

ஏப்ரல், மே

எழுதவில்லை. வெயில். மாம்பழம் எதுவும் சாப்பிடவில்லை.

ஜூன் 21, வெள்ளி

மனு திரும்பி வந்துவிட்டது. தபால்காரர் கூப்பிட்டபோது இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

குமுதாவுக்குப் போன் போட்டுப் படிக்கச் சொன்னோம். காயம் பட்டவரே வண்டியிலிருந்து விழுந்ததாகச் சொல்லியிருக்கிறார், அப்படியே பதிவாகியிருக்கிறது, மாற்ற வேண்டுமானால் கூட இருந்து பார்த்த ஒரு வீரர் நோட்டரி முன்னால் சாட்சி எழுதிக் கொடுக்க வேண்டும் என்று போட்டிருக்கிறதாம்.

"அம்மா, நைனாவே சொன்னாராமே" என்றாள் குமுதா.

நான் போனை வைத்தேன். இவர் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார். எங்களிடம் மாடு இல்லை. விற்று ரொம்ப நாளாகிறது.

ஜூன் 22, சனி

காலையில் காப்பி கொடுக்காமல் எதிரே உட்கார்ந்தேன்.

"எதுக்குப் பொய் சொன்னீங்க?"

"எங்கம்மா இன்னா சொல்லி அனுப்புனா தெரியுமா உனக்கு?" என்றார்.

தெரியும். ஊருக்கே தெரியும். என் மாமியார் பெயர் கனகாம்பாள். சண்டைக்குப் பையன்கள் பஸ் ஏறும்போது ஜன்னல் ஜன்னலாகப் போய், "நெஞ்சுல வாங்கினு வந்தா மாலை, பின்னால வாங்கினு வந்தா முறம்" என்று சொன்னவள். பின்னால் காயத்தோடு வந்தால் ஓடிவந்தவன் என்று அர்த்தம், முறத்தால் அடிப்பாள். சொன்னால் செய்கிறவள்தான். எனக்குச் சோற்றில் நெய் ஊற்றும்போது கரண்டியைத் திருப்பிப் பிடித்து ஊற்றினவள்.

"கட்டுப் போட வந்தவன் எப்படிப் பட்டுதுன்னு கேட்டான். எனக்கு அரை நெனவு. கண்ணு முன்னால அம்மா முறத்தோட நிக்கறா. வண்டியிலேர்ந்து விழுந்துட்டேன்னேன். அவனும் எழுதிட்டான். சண்டை நேரம், யாரு நின்னு பாக்கறாங்க."

"ஓடியா வந்தீங்க?"

"இல்ல."

"அப்புறம் எப்படிப் பின்னால பட்டுது?"

"தணிகாசலத்தக் கேளு" என்று சொல்லிவிட்டு, உடனே, "கேக்காத. சத்தியம் வாங்கி வெச்சிருக்கேன்" என்றார்.

ஒரு முறத்துக்குப் பயந்து பதக்கத்தை விட்ட மனிதரோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன். அதுவும் என் மாமியார் முறம். அதில் பாதி ஈர்க்கு பிய்ந்து கிடக்கும்.

ஜூன் 30, ஞாயிறு

அந்த வீட்டு வாசல் மிதிக்க மாட்டேன்.

ஜூலை 3, புதன்

மிதித்தேன்.

நவநீதம் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னைவிட நரை.

"யாரு, பச்சையம்மாளா? வழி தவறி வந்துட்டியா?"

"உன்னப் பாக்க வரல. உங்க வூட்டுக்காரரப் பாக்க வந்தேன்."

"அவருக்குக் காது கேக்காது. என்கிட்ட சொன்னா நான்தான் கத்திச் சொல்லணும்."

வேறு வழியில்லை. சொன்னேன். அவள் அவர் காதில் கத்தினாள். "ஏகாம்பரத்துக்கு எப்படி அடிபட்டுச்சுன்னு கேக்கறா." தணிகாசலம் தலையை ஆட்டினார். "சத்தியம் பண்ணியிருக்கேன். அவனே வந்து வாய் தொறக்கச் சொன்னாதான் தொறப்பேன்."

நவநீதம் கீரையை வைத்துவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தாள். "எனக்குத் தெரியாம இன்னா சத்தியம்?" என்று கேட்டாள். அது அவருக்கு நன்றாகவே கேட்டது என்று முகத்தில் தெரிந்தது.

காப்பி கொடுத்தாள். சர்க்கரை போட்டுவிட்டாள். கொட்டினால் மரியாதை இல்லை.

ஜூலை 7, ஞாயிறு

இன்று காலை அவர்கள் இரண்டு பேருமே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். நவநீதம்தான் அவரைத் தள்ளிக்கொண்டு வந்திருப்பாள். நாலு நாளாக வீட்டில் அவரைத் தூங்க விடவில்லையாம்.

இவர் நாற்காலியில் வலது பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தணிகாசலம் எதிரே நின்றார்.

"சொல்லட்டுமாடா?"

இவர் மேலே பார்த்தார். அங்கே என் மாமியார் படம் மாலையோடு தொங்குகிறது. எழுந்து போய்ப் படத்தைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்தார். வந்து உட்கார்ந்து, "சொல்லு" என்றார்.

தணிகாசலம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"வங்காளத்துல ஒரு நெல்லு வயல். அறுத்து முடிச்ச வயல். மறைய ஒரு செடி கிடையாது. எனக்குத் தொடையில பட்டு விழுந்துட்டேன். எல்லாரும் படுத்துக்கினு பின்னாடி நகர்றாங்க. இவன் மட்டும் முன்னாடி வர்றான். வந்து என்னைத் தூக்கக் குனிஞ்சான் பாரு, அப்ப குண்டு வெடிச்சுது. அந்த வயல்ல உசரமா இருந்தது அது ஒண்ணுதான். அதுல பட்டுது. பட்டும் என்னை விடல. வரப்பு வரைக்கும் இழுத்துக்கினு போனான். அப்புறம், 'எங்கம்மாவுக்குத் தெரியக்கூடாது, சத்தியம் பண்ணு'ன்னான். உசிரக் குடுத்தவன் கேட்டா பண்ணாம இன்னா செய்யறது?"

நவநீதம் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். பிறகு இவரைப் பார்த்து, "அண்ணே, அந்தப் பேரு நான் வெச்சது" என்றாள்.

"தெரியும்மா. நல்ல பேருதான். ஊரே அப்படிக் கூப்பிட்டதாலதான் எங்கம்மாவுக்குக் கடைசி வரைக்கும் சந்தேகம் வரல."

அவர் மன்னித்துவிட்டார். அது செல்லாது. அந்தப் பேரோடு கடைக்கும் கிணற்றுக்கும் போனவள் நான்.

அவர்கள் போன பிறகு அடுப்படியில் கொஞ்ச நேரம் இருந்தேன். வெங்காயம் உரித்தேன். இன்று குழம்புக்கு வெங்காயம் தேவைப்படவில்லை.

ஜூலை 10, புதன்

நோட்டரியிடம் தணிகாசலம் சாட்சி கொடுத்தார். "எந்த இடத்தில் காயம்?" என்று வக்கீல் கேட்டார். தணிகாசலத்துக்குக் காது கேட்காது என்பதால் அந்தக் கேள்வியை இவரே அவர் காதில் கத்த வேண்டியிருந்தது. வெளியே டீக்கடை வரைக்கும் கேட்டிருக்கும்.

ஜூலை 19, வெள்ளி

சாட்சிக் காகிதம் விஷயமாக நவநீதம் வீட்டுக்குப் போனேன்.

ஜூலை 24, புதன்

சாட்சிக் காகிதம் விஷயமாக.

ஆகஸ்ட் 2, வெள்ளி

காகிதம் அனுப்பியாயிற்று. இருந்தாலும் ஒரு விஷயமாகப் போக வேண்டியிருந்தது. அவள் மருமகளைப் பற்றிச் சொன்னாள். நானும் என் மாமியாரைப் பற்றிச் சொன்னேன். நெய்க் கரண்டி விஷயம் கேட்டு அவள் சிரித்ததில் கீரைக்கூடை கவிழ்ந்துவிட்டது. அவள் மாமியார் பால் பாத்திரத்துக்குப் பூட்டுப் போட்டிருந்தாளாம். இது எனக்குத் தெரியாமல் போயிற்றே.

பேசுவதில்லை என்று முன்னால் எழுதியிருக்கிறேன். இது பேச்சில் சேராது. காரியமாகப் போனது.

அக்டோபர் 9, புதன்

டாக்டர் டைரியைப் புரட்டிப் பார்த்தார். "ஜாங்கிரின்னு எழுதி நிறுத்திட்டீங்களே" என்றார். அவருக்குச் சோற்றைவிட இந்தக் கதை பிடித்துவிட்டது. பதக்கம் வந்ததா என்று கேட்டார். சர்க்கரை ஏறியிருக்கிறது.

நவம்பர் 22, வெள்ளி

வந்துவிட்டது. பதிவைத் திருத்திவிட்டார்கள். எதிரியின் குண்டால் பட்ட காயம் என்று முத்திரை போட்டு எழுதியிருக்கிறது. பதக்கம் பின்னால் வருமாம்.

குமுதா போனில் படித்தாள், அழுதாள், மறுபடியும் படித்தாள். நான் காகிதத்தை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினேன். எந்த வீட்டுக்கு முதலில் போனேன் என்பது டாக்டருக்குத் தேவையில்லை.

இவர் மட்டும் சாப்பிடவில்லை. "ஊர்வலத்துல இத மைக்குல படிப்பாங்களா?" என்றார்.

"படிப்பாங்க."

"எடத்தையுமா?"

டிசம்பர் 11, புதன்

பார்சலில் பதக்கம் வந்தது. வட்டமாக, கையில் கனமாக இருக்கிறது. தலையணை அடியில் வைத்துக்கொண்டு படுத்தேன். என் தலையணை.

இவர் ஊர்வலத்துக்கு வர மாட்டேன் என்கிறார். பதக்கம் நீ ஆசைப்பட்டது, நீ குத்திக்கோ என்கிறார். முன்வரிசையில் நின்று ஊரே சிரிக்க வேண்டுமா என்கிறார். கஞ்சி வைத்தேன். சத்தமில்லாமல் குடித்துவிட்டார். இந்த முறை கஞ்சி பலிக்கவில்லை.

டிசம்பர் 15, ஞாயிறு

இவர் தூங்கும்போதும் வலது பக்கம்தான். ஒரு மனிதர் பயந்து பயந்து இத்தனை வருஷம் சாய்ந்திருக்கிறார் என்றால், பதக்கம் மட்டும் போதாது போலிருக்கிறது. பரணில் ஏறி ஒரு சாமானைத் தேடி எடுத்தேன். ஈர்க்கெல்லாம் பிய்ந்து கிடக்கிறது. ஆனால் இருக்கிறது.

டிசம்பர் 16, திங்கள்

காலை ஆறு மணிக்குத் தணிகாசலம் வந்து வாசலில் உட்கார்ந்துகொண்டார். "அவன் வராம நான் முன்வரிசையில நிக்க மாட்டேன். அங்க பாதி எடம் அவனோடது." காது கேட்காத மனிதரிடம் மாட்டேன் என்று சொல்லிப் புரியவைக்க முடியாது. இவர் கத்திக் கத்தி ஓய்ந்து, சட்டை போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். பதக்கத்தை நான் குத்திவிட்டேன்.

வீரர் கல்லுக்கு முன்னால் ஊர்த் தலைவர் மைக்கைப் பிடித்துக் காகிதத்தைப் படித்தார். பள்ளிக்கூட வாத்தியார் தமிழில் எழுதிக் கொடுத்திருக்கிறார். சுத்தமான தமிழ். "எதிரியின் பீரங்கிக் குண்டுச் சிதறல், இடது புட்டத்தில்" என்று நாலு ஸ்பீக்கரிலும் கேட்டது.

முதலில் ஒரு ஆள் சிரித்தார். அப்புறம் மொத்தக் கூட்டமும் சிரித்தது. இவருக்குக் காது சிவந்துவிட்டது. ஆனால் விறைப்பாக நின்றார், அசையவில்லை. தணிகாசலத்துக்குச் சிரிப்பு கேட்கவில்லை, பார்த்தார். நொண்டிக்கொண்டே போய் மைக்கைப் பிடுங்கி, "அது உசந்ததாலதான் நான் பொழச்சேன். எவனுக்குச் சிரிப்பு வருது, இங்க வா" என்றார். கூட்டம் அடங்கியது.

நவநீதம் ஆரத்தித் தட்டோடு என் பக்கத்தில் வந்தாள். "இந்தா, நீ எடு. நான் மோர் ஊத்தறேன்" என்று நீட்டினாள்.

"நீயே வெச்சுக்கோ. எனக்கு வேற இருக்குது."

முந்தானையில் மறைத்து வைத்திருந்ததை எடுத்தேன். கனகாம்பாளின் முறம். அதைப் பார்த்ததும் இவர் ஒரு அடி பின்னால் வைத்தார். எதிரி பீரங்கிக்கு வைக்காத அடி.

பின்னால் வாங்கினால் முறம், நெஞ்சில் வாங்கினால் மாலை என்றுதானே கிழவி சொன்னாள். முறத்தின் மேல் சாமந்தி மாலையை வைத்திருந்தேன். அப்படியே நீட்டினேன். இவர் முறத்தைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார் பாருங்கள், வேட்டி அவிழாத குறை. தானே மாலையை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு, முறத்தை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, முன்வரிசையில் போய் நின்றார். மேளம் அடித்தார்கள்.

மோர்ப் பந்தலில் நவநீதம் எனக்கு ஊற்றினாள். உப்பு அதிகம். சொன்னேன்.

மதியம் அவள் வீட்டில் சாப்பாடு. பாயசம் ஊற்றும்போது எல்லோரையும் தாண்டி நேராக என் இலைக்கு வந்தாள். முந்திரி முழுக்க என் பக்கம்தான் விழுந்தது. இரண்டு டம்ளர் குடித்தேன். டாக்டர் படித்துக்கொள்ளட்டும்.

வீட்டுக்கு வந்ததும் இவர் என் மாமியார் படத்தை நேராகத் திருப்பி மாட்டினார். பிறகு ஞாயிற்றுக்கிழமை சென்னைக்குப் போகலாம் என்றார். எதற்கு என்றேன். மிஷின் கத்தின அந்தக் கடை வாசலில் இன்னொரு தடவை நுழைய வேண்டுமாம். பதக்கத்தை என் கையில் கழற்றிக் கொடுத்துவிட்டுத்தான் நுழைவாராம்.